கழுவிய சோளம்

1

முப்பத்தொரு மணி நேரம். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு வானமாமலை சாப்பிட உட்கார்ந்தார். திங்கள் மாலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இறந்தார். நடந்தது இவ்வளவுதான். ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். எனக்கு இது ஒன்பதாவது தாள்.

இது கதையாக ஆகியிருக்கவே கூடாது. பம்பாய், திலக் நகர்த் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரை மரியஅந்தோணி அண்ணன் பார்த்துக்கொள்கிறார். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்து, செம்பூரில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'ஜீனை மாற்றிய பயிர்களும் ஐந்நூறு கோடி வயிறுகளும்'.

"மூணு பக்கம் போதும் தங்கச்சி. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. மீதிப் பேரு மலர் வாங்குறதே அவங்க போட்டோ வந்திருக்கான்னு பாக்கத்தான். அதனால பயப்படாம எழுது."

பயப்படாமல் எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே வானமாமலை சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

வானமாமலையின் மனைவி முப்பிடாதியம்மாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவர். வருகிற வியாழக்கிழமை கம்பெனியில் விசாரணை. 'விஷம் என்று தெரிந்தே எடுத்துப்போய்ச் சமைத்தேன்' என்று இங்கிலீஷில் தட்டச்சு செய்த அறிக்கையில் அவர் கைரேகை வைக்க வேண்டும். வைத்தால் கம்பெனி திருட்டுப் புகார் கொடுக்காது. வேலை போகும், இழப்பீடு கிடையாது, ஆனால் போலீஸ் வராது. புருஷனைத் தெரிந்தே கொன்றவள் என்று ஒரு காகிதம் மட்டும் எப்போதும் இருக்கும். அறிக்கையை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட என்னை நியமித்திருக்கிறார்கள்.

அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

2

கைவிட்ட தொடக்கங்களை இங்கேயே வைக்கிறேன். கிழித்துப் போட்டால் எதையோ ஒளித்ததுபோல் இருக்கும்.

முதல் தொடக்கம்: "1987 ஜூலை பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, உலக மக்கள்தொகை ஐந்நூறு கோடியைத் தொட்டது.* இத்தனை பேருக்கும் சோறு போட விஞ்ஞானம் —"

'சோறு போட' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "அன்று பம்பாயில் நல்ல மழை."

பம்பாயைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜூலை என்றால் மழையில்தான் தொடங்குகிறார்கள். அடித்தேன். [ஆனால் மழை வேண்டும். மழை இல்லாவிட்டால் குழியில் தண்ணீர் நின்றிருக்காது. பிறகு சொல்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம்: "என் வேலை எண்ணுவது. நூறு விதையை ஈரத்தாளில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பத்து நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்தன என்று எழுதுவேன். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் அந்த மூட்டை விற்பனைக்கு ஆகாது."

இந்த மூன்று வாக்கியங்களும் உண்மை. இருக்கட்டும். ஜூலை முதல் வாரத்தில் ஒரு சோள மூட்டையில் அறுபத்து மூன்றுதான் முளைத்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதைத் தேர்வில் அது தோற்றுவிட்டது. கண்ணுக்கு நல்ல சோளம். பருமன், சுத்தம், ஒரு பூச்சிகூடக் கிடையாது.

பூச்சி ஏன் இல்லை என்றால், விதைக்கு மேல் மருந்து பூசியிருக்கிறது. மருந்தோடு ரோஸ் நிறச் சாயம் ஒன்றும் கலப்பார்கள், இது தின்பதற்கல்ல என்று காட்ட. கடைக்குப் போகும் பையில் மண்டையோட்டுப் படம் இருக்கும். எங்களிடம் சோதனைக்கு வரும் மூட்டையில் ஓர் எண் மட்டும். நிறமே எச்சரிக்கை என்கிறது கம்பெனி. மிட்டாயும் ரோஸ், பண்டிகைத் தேங்காய் பர்பியும் ரோஸ் என்று நான் யாரிடம் சொல்ல.

* ஐந்நூறு கோடி என்பது ஒரு மதிப்பீடு. யாரும் ஒவ்வொருவராக எண்ணவில்லை. எண்ணுவதே வேலையாக உள்ளவள் என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது.

3

முப்பிடாதியம்மாளை எப்படி அறிமுகம் செய்வது? 'ஏழைத் தொழிலாளி' என்று எழுதினால் நீங்கள் உடனே இரக்கப்படுவீர்கள். அக்காவுக்கு இரக்கம் பிடிக்காது.

தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாக எங்கள் கம்பெனியில் தினக்கூலி. ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று என் வாப்பாவிடம் வந்து சொன்னவரே அவர்தான். "ஒம்ம மவ வெத எண்ணுத வேலைக்கு வருவாளா பாய்? உக்காந்த எடத்துல எண்ணணும், அவ்வளவுதான். பேச வேண்டாம்" என்றாராம். பேச வேண்டாம் என்பதைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன்.

என் கூச்சம் அப்படி. பஸ்ஸில் சயானில் இறங்க வேண்டியவள், முன்னால் நிற்பவரிடம் வழி விடச் சொல்லக் கூச்சப்பட்டு, கிங்ஸ் சர்க்கிள் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். இது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். "இந்தப் பிள்ள வாயத் தொறந்தா பம்பாயில மழ நின்னுரும்" என்பார் அக்கா. மற்றவர்கள் முன்னால் வேண்டுமென்றே 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார். நான் சிவப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

ஆனால் ஒன்று. அக்கா கேலியாகச் சொன்ன அந்த 'டாக்டரம்மா'வை அவரே பாதி நம்பினார். மகளுக்குக் காய்ச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று என்னிடம்தான் கேட்பார்.

4

சனிக்கிழமை அரை நாள். இயக்குநர் எல்லோரையும் மாடி ஹாலில் கூட்டி ஐந்நூறு கோடியைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. கட்டுரைக்கு ஆகும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் சில வருடங்களில் அறுநூறு கோடி. நிலம் வளராது. வெளிநாட்டில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஜீனை எடுத்துப் புகையிலைச் செடிக்குள் வைத்திருக்கிறார்கள். இலையைக் கடித்த புழு செத்துப்போகிறது. நாளை சோளத்திலும் வரும், நெல்லிலும் வரும். விதைக்கு மேல் மருந்து பூசும் காலம் போய்விடும், செடி தன் மருந்தைத் தானே செய்துகொள்ளும் என்றார். கை தட்டினோம். சமோசா கொடுத்தார்கள்.

[கட்டுரையாக இருந்தால் இங்கே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஜீனை எப்படி வெட்டுகிறார்கள், எப்படி ஒட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த பாடம், இப்போதும் பிடிக்கும். அந்தப் புகையிலைச் செடிமேல் எனக்குக் கோபமில்லை. அது முன்பே வந்திருந்தால் அக்கா எதையும் கழுவ வேண்டியிருந்திருக்காது என்று ஒரு நாள் நினைத்தேன். மருந்து உள்ளேயே இருந்தால் கழுவிப் பார்க்கக்கூட முடியாதே என்று மறுநாள் நினைத்தேன். இரண்டில் எது சரி என்று சொல்லும் அளவுக்கு என் படிப்பு போதாது.]

டீ கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று கேட்டார். பேச்சு முழுக்க இங்கிலீஷ். கீழே இறங்கும்போது, இவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டார். உலகத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கிடைக்க வழி சொன்னார் என்றேன்.

"எல்லாத்துக்குமா?" அக்கா சிரித்தார். "அப்பம் நம்ம பேரும் லிஸ்ட்ல இருக்கும். அடியிலயாவது இருக்கும்."

அன்று பிற்பகல்தான் அந்தச் சோள மூட்டையைக் கழிக்கச் சொன்னார்கள். பின்புறக் குழியில் கொட்டி மண்ணால் மூட வேண்டும் என்பது விதி. குழியில் முழங்கால் வரை மழைத் தண்ணீர். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்த ஸ்டோர்காரர், எங்கேயாவது கொட்டிவிடு என்று சொல்லிவிட்டுச் சாவியோடு போனார். அக்கா கொட்டவில்லை. கைப்பையில் கொண்ட அளவு எடுத்துக்கொண்டார். மீதி மூட்டை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இப்போது கம்பெனியின் அரக்கு முத்திரையோடு இருக்கிறது.

ஞாயிறு காலை குழாயில் தண்ணீர் வந்தபோது அக்கா சோளத்தைக் கழுவினார். மூன்று குடம் தண்ணீர் செலவானது. தாராவியில் குடிக்கிற தண்ணீர் மூன்று குடத்தைச் சோளம் கழுவக் கொட்டியவரை யாரும் அசட்டையானவர் என்று சொல்ல முடியாது. ஒன்பது தடவை மாற்றினாராம். முதலில் ரோஸ், பிறகு வெளிர் ரோஸ், கடைசியில் தெளிந்த தண்ணீர். ஊறவைத்து, இடித்து, சோறாக்கினார். சோறு வெள்ளையாக இருந்தது.

ரேஷன் அரிசி நாறுகிறது என்று ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்த வானமாமலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மகள் இசக்கிக்கு அன்று வயிறு சரியில்லை, இரண்டு வாய் தின்று எழுந்துவிட்டாள். அக்கா எப்போதும்போல எல்லோருக்கும் பிறகு உட்கார்ந்தார். சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் அவருக்கு. அதனால்தான் இன்று விசாரணைக்குக் கூப்பிட ஒருவர் உயிரோடு இருக்கிறார்.

5

ஒன்றை விட்டுவிட்டேன்.

அக்கா தானாகக் கழுவவில்லை. கழுவினால் சாப்பிடலாமா என்று சனிக்கிழமையே ஒருவரிடம் கேட்டார். 'சாயம் போகிற வரைக்கும் கழுவினால் போதும்' என்று பதில் கிடைத்தது. பதில் சொன்னவருக்குச் சாயம் வேறு, மருந்து வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். சாயம் தண்ணீரோடு போய்விடும். மருந்து அதற்கு முன்பே தானியத்துக்குள் இறங்கியிருக்கும்.

இந்த ஒரு பதிலை யார் வாயில் வைப்பது? இங்கேதான் கதை நகர மறுக்கிறது.

வாட்ச்மேன் வாயில் வைத்துப் பார்த்தேன். "கேட்டில் பையைத் திறந்து பார்த்த வாட்ச்மேன், 'தோ டாலோ, சலேகா', கழுவிவிட்டால் ஆகும், என்று —" அவர் பீகாரிலிருந்து வந்தவர், பொடி போடுவார், எதற்கெடுத்தாலும் 'சலேகா' என்பார். வாசகர்கள் நம்புவார்கள். நன்றாகவே நம்புவார்கள். அதனால்தான் அடித்தேன். அவர் அன்று பையைத் திறந்து பார்க்கவே இல்லை.

குழாயடியில் நிற்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். "எங்க பக்கத்துல இப்படித்தான் கழுவித் திம்போம்" என்று அவள் சொல்வதாக. குழாயடிப் பெண் அப்படிச் சொல்லமாட்டாள். மூன்று குடத்தைக் கொட்டுகிறாயே என்று சண்டைக்குத்தான் வருவாள். அடித்தேன்.

பிறகு எழுதினேன்: "அறிவியல் படித்த ஓர் இளம்பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் —"

இந்தப் பாத்திரம்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் யாரோடும் பேசமாட்டாள். வாய் திறக்காத ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடித்தேன். மறுநாள் மறுபடி எழுதி மறுபடி அடித்தேன்.

கடைசியில் எழுதினேன்: "முப்பிடாதியம்மாள் யாரிடமும் கேட்கவில்லை." வாக்கியம் சுருக்கமாக, சுத்தமாக இருந்தது. மறுநாள் அலுவலகத்தில், வாசித்துக் காட்டுவதற்குத் தயாராக, அறிக்கையின் நகலைக் கொடுத்தார்கள். அதன் நான்காவது வரியும் இதேதான். இங்கிலீஷில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு நாள் எழுதவில்லை.

6

ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன்.

ஞாயிறு மாலை எங்கள் சந்துக்குச் செய்தி வந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று. திங்கள் காலை போனேன். வானமாமலைக்கு வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, மழை நாளில் உடம்பு முழுக்க வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவு. டாக்டர் ஏற்கெனவே பூச்சிமருந்து என்று ஊகித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எந்த மருந்து, யார் கொடுத்தது என்று கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அக்கா சோளச்சோறு என்று மட்டுமே சொல்லியிருக்கிறார். மறைக்கவில்லை. அவருக்கு அது வெறும் சோளம்தான்.

நான் செம்பூருக்குப் போய் ஸ்டோர் ரிஜிஸ்டரில் மருந்தின் பெயரைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். திரும்பி வந்து நர்ஸின் மேசையில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால், நீ யார் என்று கேட்பார்கள்.

வராந்தா பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணி தெளிஞ்சுதான் இருந்துச்சு, தாயி. நல்லாத் தெளிஞ்சுதான் இருந்துச்சு."

வேறொன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

7

புதன்கிழமை மரியஅந்தோணி அண்ணன் கட்டுரையை வாங்க வந்தார். இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். அதில் மூன்று முடிவுகள் இருந்தன.

முடிவு அ: இரண்டாயிரமாவது ஆண்டு. சோளச் செடி தன் மருந்தைத் தானே செய்துகொள்கிறது. சாயமும் இல்லை, மருந்தும் இல்லை. அறுநூறு கோடிப் பேரும் சாப்பிடுகிறார்கள். இசக்கி பட்டதாரியாகி அதே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். (மன்ற மலருக்குப் பொருத்தமானது.)

முடிவு ஆ: முப்பிடாதியம்மாள் கைரேகை வைக்க மறுக்கிறார். தொழிலாளர்கள் வாசலில் கூடிக் கோஷம் போடுகிறார்கள். (எங்கள் கம்பெனியில் தினக்கூலிக்குச் சங்கம் கிடையாது. கோஷம் போட யாரைக் கூப்பிடுவது?)

முடிவு இ: கைரேகை வைக்கிறார். மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போகிறார். வாசகர் பக்கத்தைப் புரட்டுகிறார்.

உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடியில் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் நவீனமாக இருக்கும். நானும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

அண்ணன் நின்றுகொண்டே படித்தார். கட்டுரை கேட்டால் இப்படியா என்று திட்டுவார் என நினைத்தேன். தாளைத் திருப்பித் திருப்பி ஒரே இடத்தைப் பார்த்தார்.

"இந்தப் படிச்ச பொண்ணு யாரு?"

"யாருமில்லண்ணே. வேண்டாம்னு எடுத்துட்டேன்."

"யாருமில்லாதவள எதுக்கு எழுதி எழுதி அடிச்சிருக்க?"

அவர் தாள்களை என்னிடமே நீட்டினார்.

"இது நம்ம மலருக்கு வேணாம் தங்கச்சி. மொத பக்கத்துல தலைவர் போட்டோ, மூணாவது பக்கத்துல இதுவா? ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. முடிவ எங்க தலையில கட்டாத. எங்களுக்குச் சோளம் பத்தி என்ன தெரியும்?"

8

நேற்று விசாரணை.

அறையில் நிர்வாக அதிகாரி சாவந்த், ஒரு டைப்பிஸ்ட், அக்கா, நான். இயக்குநர் உணவுப் பெருக்கம் பற்றிய ஒரு கருத்தரங்குக்காக டெல்லி போயிருந்தார். சாவந்த் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஐந்து வரிதான், இந்த அம்மாவுக்கு நல்லதைத்தான் செய்கிறோம், போலீஸ் வேண்டாம் என்றுதான் இதெல்லாம் என்று ஹிந்தியில் என்னிடம் விளக்கினார்.

வாசித்தேன். முதல் வரி, பெயர், முகவரி. இரண்டாம் வரி, அனுமதியில்லாமல் எடுத்தேன். அக்கா தலையாட்டினார். மூன்றாம் வரி, விஷம் என்று தெரிந்தே எடுத்தேன். தமிழில் சொல்ல எனக்கு நேரமானது. அக்கா அதற்கும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. இசக்கி பெரியவளாகி இந்தக் காகிதத்தைப் பார்ப்பாளா என்று நினைத்தேன். அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

நான்காவது வரியைச் சாவந்த் கேள்வியாகவே கேட்டார். சாப்பிடலாம் என்று கம்பெனி ஆட்கள் யாராவது சொன்னார்களா? ஒரு முறைமைக்குத்தான் கேட்கிறேன் என்றார். மொழிபெயர்த்தேன்.

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார். "யாரும் சொல்லல. எம் புத்திதான்."

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும்: "அதை அப்படியே சொல்லிரு தாயி. நீ வாழ வேண்டிய பிள்ள. மேக்கொண்டு ஒண்ணும் பேசாத."

டைப்பிஸ்ட் மைப் பெட்டியைத் திறந்து மேசையில் நகர்த்தினார். அக்கா இடது கையை நீட்டினார்.

இதற்குப் பிறகு என் வேலைக்கு என்ன ஆயிற்று, அந்தக் காகிதத்துக்கு என்ன ஆயிற்று, அக்கா என்னோடு பேசினாரா, இல்லையா என்பதை எழுதப்போவதில்லை. எனக்கே பாதி தெரியாது. மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். அண்ணன் சொன்னதுபோல் உங்கள் தலையிலும் கட்டவில்லை. அறையில் நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலில் சாவந்துக்கு ஹிந்தியில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

"சனிக்கிழம பஸ் ஸ்டாப்புல என்கிட்டதான் கேட்டீங்க, அக்கா. சாயம் போற வரைக்கும் கழுவுனாப் போதும்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."